பாய்மரக் கப்பலில் வரலாறும் அறிவியலும் நடத்துவது எப்படி?

மொரீஷியஸ் தீவின் காத்ர் போர்ன் ஊரிலிருந்து ஒரு தமிழாசிரியை கேட்டிருக்கிறார். கிரேடு 6, 7 பிள்ளைகள் இருபது பேரை வரும் குளிர்கால விடுமுறையில் நான்கு நாள் பாய்மரக் கப்பலில் அழைத்துப்போகப் பள்ளி முடிவு செய்திருக்கிறதாம். போர்ட் லூயியில் ஏறி, வடமுனையைச் சுற்றிக்கொண்டு, கிழக்குக் கரையோரமாக கிராண் போர்ட் வரை இறங்கி, வந்த வழியே திரும்புவது திட்டம். காலையில் வரலாறு, பிற்பகலில் அறிவியல் என்று அட்டவணை போடச் சொல்லியிருக்கிறார் தலைமையாசிரியர். எதை எந்த நாளில் வைப்பது, என்னென்ன எடுத்துப்போவது என்பது கேள்வி.

நான் கப்பல் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவன். இப்படிப் பிள்ளைகளை ஏற்றிப்போகும் பயணங்களில் உதவிக்குப் போவதுண்டு. அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்.

முதல் யோசனை உங்களுக்குக் கொஞ்சம் ஏமாற்றமாக இருக்கலாம். கிராண் போர்ட்டுக்குக் கப்பலில் போகாதீர்கள், பேருந்தில் போங்கள். அதையும் கப்பல் ஏறுவதற்கு முன்பே முடித்துவிடுங்கள்.

காரணம் காற்று. ஜூலை, ஆகஸ்டில் தென்கிழக்குக் காற்று நம் தீவின்மேல் வலுத்து வீசும். கிழக்குக் கரையில் தெற்கு நோக்கி இறங்குவதென்றால் அந்தக் காற்றை முகத்தில் வாங்கிக்கொண்டே போக வேண்டும். வலப்பக்கம் பவளத்திட்டு, இடப்பக்கம் திறந்த கடல். காற்றும் அலையும் சேர்ந்து கப்பலைத் திட்டின் பக்கமே தள்ளும். எந்தப் பாய்மரக் கப்பலாலும் காற்றுக்கு நேர் எதிரே போக முடியாது. பழைய சதுரப்பாய்க் கப்பல்கள் காற்று வரும் திசையிலிருந்து 60, 70 டிகிரி விலகித்தான் ஓடின. இன்றைய கப்பல்கள் இன்னும் கொஞ்சம் நெருக்கிப் போகும், அவ்வளவுதான். இப்படியும் அப்படியுமாக வளைந்து வளைந்து முன்னேறுவதற்குள் உங்கள் நான்கு நாளில் இரண்டு நாள் போய்விடும், பாதிப் பிள்ளைகள் வாந்தியெடுத்துப் படுத்திருப்பார்கள்.

ஆனால் இந்தச் சிக்கலையே பாடமாக்கலாம். 1598இல் டச்சுக்காரர்கள் வந்து இறங்கியது தென்கிழக்கில் உள்ள அதே விரிகுடாவில்தான். அவர்களுடைய கோட்டையும் அங்கேதான் இருந்தது. கடலிலிருந்து வரும் கப்பலைக் காற்றே உள்ளே தள்ளிக்கொண்டு வந்துவிடும். திரும்பிப் போகும்போதுதான் தொல்லை. திட்டுக்கு நடுவே இருக்கும் குறுகிய வழியில், எதிர்க்காற்றில், வளைந்து ஓட இடமில்லாமல் வெளியேற வேண்டும். காற்று திரும்பட்டும் என்று நாள்கணக்கில் காத்துக் கிடந்த கப்பல்கள் உண்டு. டச்சுக்காரர்கள் 1710இல் தீவைக் கைவிட்டுப் போனார்கள், 1715இல் பிரெஞ்சுக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். 1735இல் ஆளுநராக வந்த மாஹே டி லா பூர்தொன்னே வடமேற்கில் மலைகளின் மறைவில் இருந்த போர்ட் லூயியைப் பெரிய துறைமுகமாகக் கட்டி எழுப்பினார். அந்த வேலைக்குத்தான் புதுச்சேரிப் பக்கத்திலிருந்து தமிழ்க் கொத்தனார்களும் தச்சர்களும் வந்தார்கள். 'நம்மவர்கள் ஏன் முதலில் போர்ட் லூயியில் குடியேறினார்கள்?' என்று கேட்டால் பிள்ளைகள் 'வேலை கிடைத்தது' என்பார்கள். அது சரிதான். அந்த வேலை ஏன் அந்தக் கரையில் இருந்தது என்று அடுத்ததாகக் கேளுங்கள். பதிலுக்குக் காற்றிடம்தான் போக வேண்டும்.

இந்த ஒரு கேள்வியில் வரலாறு எங்கே முடிகிறது, அறிவியல் எங்கே தொடங்குகிறது? கோடு போட்டுக் காட்ட முடியாது. அதனால்தான் காலை, பிற்பகல் என்று பிரிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. தலைமையாசிரியருக்கு அட்டவணை கட்டாயம் வேண்டுமென்றால், நாளுக்கு ஓர் இடம், இடத்துக்கு ஒரு கேள்வி என்று எழுதிக் கொடுங்கள். இரண்டு பாடமும் அந்தக் கேள்விக்குள் வந்துவிடும்.

பேருந்து நாளில் மாஹேபூர் அருங்காட்சியகத்துக்குக் கட்டாயம் போங்கள். 1810 ஆகஸ்டில் கிராண் போர்ட் விரிகுடாவில் பிரெஞ்சுக்காரர்களுக்கும் ஆங்கிலேயர்களுக்கும் நடந்த கடற்போரில் ஆங்கிலேயரின் போர்க்கப்பல்கள் பவளத் திட்டுகளில் ஏறிச் சிக்கிக்கொண்டன. சீரியஸ், மஜிசியென் என்ற இரண்டு கப்பல்களுக்கும் அவர்களே தீ வைக்க வேண்டியதாயிற்று. பாரிஸ் வெற்றி வளைவில் பொறிக்கப்பட்டிருக்கும் ஒரே கடற்போர் வெற்றி இதுதான். காயம்பட்ட இரு தரப்புத் தலைவர்களுக்கும், பிரெஞ்சுத் தளபதி துய்ப்பெரேவுக்கும் ஆங்கிலத் தளபதி வில்லபிக்கும், ஒரே வீட்டில் சிகிச்சை நடந்தது. அந்த வீடுதான் இன்றைய அருங்காட்சியகம். பிள்ளைகள் அந்தக் கூடத்தில் நின்றால் கேள்விகள் தானாக வரும். 1744இல் வடகிழக்குத் திட்டில் உடைந்த சேன் ஜெரான் கப்பலின் மணியும் அங்கே இருக்கிறது.

அதே பக்கம்தான் மார் ஓ சோன்ஜ் சதுப்பு நிலம். 1865இல் அங்கே டோடோ பறவையின் எலும்புகளைத் தோண்டியெடுத்தவர் மாஹேபூரில் பள்ளி ஆசிரியராக இருந்த ஜார்ஜ் கிளார்க். ஆசிரியர் என்ற முறையில் நீங்கள் கொஞ்சம் பெருமைப்பட்டுக்கொள்ளலாம். 2020 ஜூலை 25 அன்று வாகாஷியோ கப்பல் தட்டி, ஏறத்தாழ 1,000 டன் எண்ணெய் கொட்டிய இடமும் பக்கத்தில்தான். அப்போது மக்கள் கரும்புச் சோகையைத் துணியில் திணித்து மிதவைத் தடுப்பு கட்டினார்கள். ஒரு பக்கெட் கடல்நீர், கொஞ்சம் சமையல் எண்ணெய், ஒரு கைப்பிடி சோகை இருந்தால் அந்தத் தடுப்பு எப்படி வேலை செய்தது என்று பிள்ளைகளே பார்த்துக்கொள்வார்கள்.

இனி கப்பல். போர்ட் லூயியிலிருந்து மேற்குக் கரை ஓரமாக கிராண் பே, அங்கிருந்து காப் மலெரேவுக்கு எதிரே குவான் டி மீர் தீவு வரை போய்த் திரும்புங்கள். பாதி வழிக்கு மேல் தீவின் மறைவிலேயே போவதால் அலை குறைவு. குவான் டி மீர் இயற்கைக் காப்பிடம் என்பதால் இறங்கும் எண்ணம் வேண்டாம், பக்கத்தில் போனால் போதும்.

இந்தப் பாதையில் நான் மிகவும் விரும்பும் பாடம் அந்தத் தீவுக்கும் கரைக்கும் நடுவே இருக்கிற நீர்வழியில் நடப்பது. கிராண் போர்ட்டில் தோற்ற ஆங்கிலேயர்கள் மூன்றே மாதத்தில் பெரும்படையோடு திரும்பி வந்தார்கள். படை இறங்கியது 1810 நவம்பர் 29 அன்று, காப் மலெரே பக்கம். சுமார் 10,000 பேர், அதில் மதராஸ் சிப்பாய்களும் உண்டு. டிசம்பர் 3இல் தீவு கைமாறியது. இவ்வளவு பெரிய கப்பல்கள் அந்த இடத்தில் நங்கூரம் போட முடியாது என்பது அதுவரை இருந்த எண்ணம். ஆங்கிலேயர்கள் முன்கூட்டியே வந்து ஆழம் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். திட்டுகளால் தோற்றவர்கள் அடுத்த முறை அடிநிலத்தை அளந்துகொண்டு வந்தார்கள் என்று சொல்லலாம்.

அதே அளவை உங்கள் பிள்ளைகளும் எடுக்கலாம். ஒரு நீளக் கயிறு, நுனியில் இரண்டு மூன்று கிலோ ஈயக்கட்டி. கட்டியின் அடிப்பக்கம் ஒரு குழி இருக்க வேண்டும். கயிற்றில் ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு துணித்துண்டு கட்டுங்கள். ஒரு பாகம் என்பது இரண்டு கையையும் விரித்தால் வரும் நீளம், 6 அடி, அதாவது 1.83 மீட்டர். முதலில் பிள்ளைகள் தங்கள் கையை விரித்து அளந்து பார்க்கட்டும். பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் பாகம் குறைவாக வரும். எல்லோருக்கும் ஒரே அளவுகோல் ஏன் வேண்டும் என்பது அங்கேயே விளங்கிவிடும். குழியில் பழைய மாலுமிகள் மாட்டுக் கொழுப்பை அடைப்பார்கள், நீங்கள் மார்ஜரின் அடைத்தால் போதும். கப்பல் மிக மெதுவாகப் போகும்போது, அல்லது நங்கூரத்தில் நிற்கும்போது, கயிற்றை விட்டு, கட்டி தரை தட்டியதும் துணியை எண்ணிக்கொண்டு இழுக்க வேண்டும்.

மேலே வரும் கட்டியைச் சுற்றி எல்லாத் தலையும் குவியும். மார்ஜரினில் வெள்ளை மணல் ஒட்டியிருக்கும், சில சமயம் உடைந்த சிப்பி, பவளத் துணுக்கு. ஒருமுறை ஒன்றுமே ஒட்டாமல் கட்டி சுத்தமாக வந்தது. 'அடியில் ஒன்றுமில்லை' என்றான் ஒரு பையன். பக்கத்தில் நின்ற சிறுமி கட்டியைத் தடவிப் பார்த்துவிட்டு, மார்ஜரின் நசுங்கியிருக்கிறது, அப்படியானால் கீழே பாறை என்றாள். நங்கூரம் மணலில் பிடிக்கும், வழுவழுப்பான பாறையில் பிடிக்காது. அந்தப் படையின் கப்பல் தலைவர்களுக்குத் தேவைப்பட்டதும் இதே தகவல்தான். ஆழத்தை வரைபடத்தில் குறிக்கச் சொல்லுங்கள், பிறகு கப்பலின் எக்கோ சவுண்டர் (ஒலியால் ஆழம் பார்க்கும் கருவி) காட்டும் எண்ணோடு ஒப்பிடச் சொல்லுங்கள். ஒலி தண்ணீரில் வினாடிக்கு ஏறத்தாழ 1,500 மீட்டர் போகும் என்பதைக் கொடுத்துவிட்டால் மிச்சக் கணக்கை கிரேடு 7 பிள்ளைகள் போட்டுவிடுவார்கள்.

கப்பலில் எதை அளக்க முடியாது என்பதையும் காட்ட வேண்டும். பெரும்பாலான ஆசிரியர்கள் இதை விட்டுவிடுகிறார்கள். அதற்கு நம் தீவோடும் புதுச்சேரியோடும் சேர்ந்த ஒரு கதை இருக்கிறது. பிரெஞ்சு வானியலாளர் லெ ஜான்டீ, 1761 ஜூன் 6 அன்று வெள்ளிக் கோள் சூரியனைக் கடப்பதைப் புதுச்சேரியிலிருந்து பார்க்கப் புறப்பட்டார். இந்தத் தீவுக்கு வந்து, இங்கிருந்து வேறு கப்பல் பிடித்தார். இந்தியக் கரையை நெருங்கியபோது புதுச்சேரி ஆங்கிலேயர் கையில் என்று சேதி. கப்பல் திரும்பிவிட்டது. கடப்பு நடந்த நாளில் அவர் நடுக்கடலில். வானம் தெளிவு, கோள் கண்ணுக்குத் தெரிந்தது, ஆனால் பயனில்லை. ஆடும் கப்பலில் ஊசல் கடிகாரம் சரியான நேரம் காட்டாது, கப்பல் நின்ற இடத்தின் தீர்க்கரேகையும் துல்லியமாகத் தெரியாது. எட்டு வருடம் இந்தப் பக்கமே தங்கியிருந்து, 1769இல் அடுத்த கடப்புக்குப் புதுச்சேரியில் தயாராக உட்கார்ந்தார். அன்றைக்கென்று மேகம் மூடிக்கொண்டது. ஊர் திரும்பியபோது அவர் செத்துப்போனதாக முடிவு கட்டிச் சொத்தைப் பங்கு போடத் தொடங்கியிருந்தார்கள்.

புதுச்சேரியில் இருந்த காலத்தில் அவர் தமிழர்களிடம் கிரகணக் கணக்குப் போடும் முறையைக் கற்றுக்கொண்டார். 1765 ஆகஸ்ட் 30 சந்திர கிரகணம் எவ்வளவு நேரம் நீடித்தது என்பதற்குத் தமிழ் முறைக் கணக்கில் வந்த விடை 41 வினாடிதான் குறைவு. ஐரோப்பாவில் பெயர்பெற்ற மேயரின் அட்டவணையில் 68 வினாடி பிசகு. பிள்ளைகளிடம் இதை வெறும் பெருமையாகச் சொல்லி விட்டுவிடாதீர்கள். இரண்டு பிசகையும் அளந்து எழுதி வைத்தவரும் அவரே என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

செய்து பார்க்க வேண்டியது எளிது. ஒரு நூலில் ஒரு நட்டைக் கட்டி, ஒரு மீட்டர் நீளத்துக்குத் தொங்கவிடுங்கள். கரையில், ஒரு முறை போய்வர ஏறத்தாழ 2 வினாடி, நிமிடத்துக்கு 30 ஆட்டம். எத்தனை பிள்ளைகள் எண்ணினாலும் அதே எண் வரும். கப்பலில் அதையே செய்யச் சொல்லுங்கள். ஊசல் வட்டம் போடும், நிற்கும், திடீரென்று வீசும். ஆளுக்கொரு எண் சொல்வார்கள். ஊசல் இல்லாமல் சுருள்வில்லால் ஓடும் கடிகாரத்தை ஜான் ஹாரிசன் ஏன் வருடக்கணக்காகச் செதுக்கிக்கொண்டிருந்தார் என்பதை இதன் பிறகு சொன்னால் ஏறும். பூமி ஒரு மணிக்கு 15 டிகிரி சுற்றுகிறது. நாம் இருப்பது கிழக்கே 57½ டிகிரி. கிரீன்விச் நேரம் காட்டும் கடிகாரம் ஒன்று கையில் இருந்து, நம் நண்பகல் அதில் காலை 8 மணி 10 நிமிடத்தை ஒட்டி வந்தால், இடம் தெரிந்துவிட்டது. ஏன் நம் கைக்கடிகாரத்தில் சூரியன் சரியாக 12 மணிக்கு உச்சிக்கு வருவதில்லை என்று யாராவது கேட்டால், அந்தப் பிள்ளைக்கு ஒரு மிட்டாய் கூடக் கொடுங்கள். நம் அரசு நேரம் 60 டிகிரிக்கு வைத்தது, தீவு கொஞ்சம் மேற்கே இருக்கிறது.

சூரியன் என்றதும் இன்னொன்று. வடக்கே எழுதப்பட்ட பாடநூல்களில் நண்பகல் சூரியன் தெற்கே இருக்கும். நமக்கு வருடத்தின் பெரும்பகுதி வடக்கே. ஜூன் 21இல் அது வடக்கில் 46 டிகிரி உயரத்தில் நிற்கும், நவம்பர் 22, ஜனவரி 20 வாக்கில் நேர் உச்சியில் நின்று நிழலை விழுங்கிவிடும். நேராகச் சூரியனைப் பார்க்கக் கூடாது என்பதை முதலிலேயே கண்டிப்பாகச் சொல்லிவிட்டு, நிழலை வைத்துக் கோணம் அளக்கச் சொல்லுங்கள். அதையும் கரையில்தான்.

அடுத்தது காற்றழுத்தமானி. நான்கு நாளும் ஓடும் பாடம் இது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அளவை எழுத வேண்டும், இரவிலும்தான். பிள்ளைகளைக் காவல் முறையாகப் பிரித்தால் அதிகாலை 4 மணி அளவும் விடுபடாது. இரண்டாம் நாள் வரைபடம் போடச் சொல்லுங்கள். கோடு நேராக இருக்கும் என்று எல்லோரும் நினைப்பார்கள். இருக்காது. காலை 10 மணி வாக்கில் ஒரு மேடு, மாலை 4 மணி வாக்கில் ஒரு பள்ளம், மறுபடி இரவு 10க்கு மேடு, விடிகாலை 4க்குப் பள்ளம். ஏற்ற இறக்கம் இரண்டு மூன்று ஹெக்டோபாஸ்கல்தான். சூரிய வெப்பம் வளிமண்டலம் முழுவதையும் ஒரு தாளத்தில் அசைப்பதால் வருவது. வெப்பமண்டலத்தில் கடலோடிகளுக்கு இது நன்றாகத் தெரியும். அந்தத் தாளம் தப்பி, மேடு வர வேண்டிய நேரத்தில் அளவு இறங்கிக்கொண்டே போனால் புயலுக்குத் தயாராவார்கள்.

இங்கே சார்ல்ஸ் மெல்ட்ரம் வர வேண்டும். 1848இல் ராயல் கல்லூரிக்குக் கணித ஆசிரியராக வந்தவர். 1851இல் வானிலைச் சங்கம் ஒன்றைத் தொடங்கினார், பின்னால் பாம்ப்ளமூஸ் வானாய்வகத்தின் தலைவரானார். அவர் புயலைத் தேடிக் கடலுக்குப் போகவில்லை. போர்ட் லூயிக்கு வந்த கப்பல்களின் நாட்குறிப்புகளைச் சேகரித்தார். ஒரே நாளில், ஒரே நேரத்தில், இந்தியப் பெருங்கடலில் எந்தக் கப்பல் எங்கே இருந்தது, அங்கே காற்று எந்தப் பக்கமிருந்து வீசியது, அழுத்தம் எவ்வளவு என்று ஒரே வரைபடத்தில் குறித்தார். புயல் எப்படிச் சுழல்கிறது, எந்தப் பக்கம் நகர்கிறது என்பது தாளில் தெரிந்தது. காற்று வெறும் வட்டமாகச் சுற்றவில்லை, உள்நோக்கிச் சுருண்டு போகிறது என்பதும் அப்படித் தெரிய வந்ததுதான்.

கிராண் பேயில் நங்கூரம் போட்டிருக்கும் மாலையில் இதை விளையாட்டாக நடத்துங்கள். ஒவ்வொரு பிள்ளையும் ஒரு கப்பல். ஆளுக்கொரு சீட்டு, அதில் இடமும் காற்றுத் திசையும் அழுத்தமும். நீங்களே ஒரு புயலை மனதில் வைத்து முன்னதாக எழுதிக்கொள்ளுங்கள். நம் பக்கம் புயல் கடிகார முள் திசையில் சுற்றும் என்பதை மறந்துவிடாதீர்கள். பெரிய தாளில் ஒவ்வொருவரும் வந்து தன் அம்புக்குறியைப் போட வேண்டும். முதல் ஐந்து அம்புகளில் ஒன்றும் புரியாது. பன்னிரண்டு, பதின்மூன்று வந்ததும் யாராவது ஒருவர் 'நடுவில் ஓட்டை இருக்கிறது' என்று கத்துவார். ஒரு சீட்டில் வேண்டுமென்றே தவறான திசையை எழுதி வையுங்கள். இந்தக் கப்பல் பொய் சொல்கிறதா, தலைவர் தூங்கிவிட்டாரா, திசைகாட்டி கெட்டதா என்று விவாதம் நடக்கும். சென்னையில் உறவினர் உள்ள பிள்ளைகள் அங்கே புயல் எதிர்ப்பக்கம் சுற்றுவதைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பார்கள், அதையும் கேட்கட்டும்.

திசைகாட்டி கெடுவது கற்பனை இல்லை. ஆங்கிலேயக் கடலோடி மேத்யூ பிளிண்டர்ஸ் 1803 டிசம்பரில் இங்கே வந்து மாட்டிக்கொண்டு 1810 வரை காவலில் இருந்தார். அந்தக் காலத்தில் அவர் யோசித்து எழுதியவற்றில் ஒன்று, கப்பலில் உள்ள இரும்பு திசைகாட்டியை எப்படித் திருப்புகிறது என்பது. சமையலறையிலிருந்து ஒரு இரும்புக் கடாயை வாங்கித் திசைகாட்டியின் பக்கத்தில் கொண்டுபோனால் ஐந்து நிமிடத்தில் பாடம் முடிந்தது. கப்பலின் சொந்தத் திசைகாட்டியில் செய்யாதீர்கள், தலைவருக்குக் கோபம் வரும்.

வரலாற்றுக்கு நான் சொல்லும் முதல் கருவியும் இந்த நாட்குறிப்புதான். பென்சிலும் தடித்த அட்டை நோட்டும் போதும், பேனா நனைந்தால் போச்சு. நேரம், திசை, வேகம், காற்று, அழுத்தம், நடந்தது என்று பத்திகள். மூன்று குழுவாகப் பிரித்து, மூன்று தனி நாட்குறிப்பு. கப்பலில் ஏதாவது ஒன்று நிச்சயம் நடக்கும்: பாய்க்கயிறு சிக்கும், மழைத் தூறல் வரும், யாருடைய தொப்பியாவது கடலில் விழும். அன்று மாலை மூன்று குறிப்பையும் ஒன்றாக வாசியுங்கள். நேரம் மாறும், யார் முதலில் கத்தியது என்பது மாறும், தொப்பியின் நிறம்கூட மாறும். எதை நம்புவது? உடனே எழுதியதையா, சாப்பாட்டுக்குப் பிறகு எழுதியதையா? கிராண் போர்ட் போரைப் பிரெஞ்சுக்காரர்கள் எழுதியதும் ஆங்கிலேயர்கள் எழுதியதும் ஏன் ஒன்றாக இருக்காது என்பதை இதற்குப் பிறகு விளக்க வேண்டிய தேவையே இல்லை. மெல்ட்ரம் நாட்குறிப்புகளைச் சலித்தெடுத்ததும் இதே வேலைதான். 'உனக்கு எப்படித் தெரியும்?' என்ற கேள்வியை நான்கு நாளும் விடாமல் கேட்டுக்கொண்டிருங்கள். கப்பலில் இரண்டு பாடத்துக்கும் இது ஒன்றே போதும்.

வேகம் அளப்பது சின்ன வேலை, ஆனால் எல்லோருக்கும் பிடிக்கும். கப்பலின் முன்முனையில் ஒரு மரத்துண்டைப் போட்டு, அது பின்முனையைக் கடக்கும் வரை வினாடி எண்ணுங்கள். 25 மீட்டர்க் கப்பலை 10 வினாடியில் கடந்தால் வினாடிக்கு 2.5 மீட்டர், ஏறத்தாழ 4.9 நாட், அதாவது மணிக்கு 4.9 கடல்மைல். ஜி.பி.எஸ். வேறு எண் காட்டும். வித்தியாசத்தில் ஒரு பங்கு நீரோட்டம், மிச்சம் நம் எண்ணிக்கைப் பிசகு.

பழைய காலுறையில் வலை செய்து மிதவையுயிரி பிடிப்பதை நங்கூரத்தில் இருக்கும்போது வைத்துக்கொள்ளுங்கள், ஆடும் கப்பலில் நுண்ணோக்கி பார்த்தால் தலை சுற்றும். பகலில் ஒரு முறை, இருட்டியபின் ஒரு முறை என்று இழுத்தால் இரவில் விலங்குகள் கூடுதலாகக் கிடைக்கும். நீரின் தெளிவை அளக்க 30 சென்டிமீட்டர் வெள்ளைத் தட்டு ஒன்றைக் கயிற்றில் இறக்கினால் போதும். செக்கி என்ற இத்தாலியப் பாதிரியார் போப்பின் கப்பலில் இதை முதலில் செய்து பார்த்ததும் டோடோ எலும்பு கிடைத்த அதே 1865இல்.

இரவு வானத்துக்கு அதிகம் தயாரிப்பு வேண்டாம். மாலையில் தெற்கே சாய்ந்து நிற்கும் சிலுவை விண்மீன்கள், அதன் நீளத்தை நாலரை மடங்கு நீட்டினால் வரும் தென்துருவப் புள்ளி. கையை நீட்டி முஷ்டியை மடக்கினால் அதன் அகலம் ஏறத்தாழ 10 டிகிரி. அடிவானத்திலிருந்து இரண்டு முஷ்டி, அதாவது 20 டிகிரி. அதுவே நம் அட்சரேகை. மதராஸில் கப்பல் ஏறியவர்களுக்கு வடக்கே 13 டிகிரி உயரத்தில் துருவ நட்சத்திரம் தெரிந்திருக்கும், நடுக்கோட்டைத் தாண்டியதும் அது இல்லாமல் போயிருக்கும். விடிகாலைக் காவலில் இருக்கும் பிள்ளைகளுக்குத் தென்கிழக்கில் அகத்தியர், அதாவது கனோபஸ் விண்மீன், கிடைப்பார். அவர் இருக்கும் விண்மீன் குழுவுக்குப் பெயர் கப்பலின் அடிமரம். ஆர்கோ என்ற பெரிய கப்பல் குழுவை அடிமரம், பின்தளம், பாய் என்று பிரித்த பிரெஞ்சு வானியலாளர் லக்காய், 1753இல் இந்தத் தீவுக்கும் வந்து அளவெடுத்தவர்.

இப்போது நீங்கள் கேட்காமல் விட்ட, ஆனால் தமிழ்ப் பிள்ளைகளோடு போகும்போது தவிர்க்க முடியாத விஷயம். பாய்மரக் கப்பல் அழகுதான். மொசாம்பிக்கிலிருந்தும் மடகாஸ்கரிலிருந்தும் அடிமைகளை ஏற்றி வந்ததும் இதே போன்ற கப்பல்கள்தான். 1834 நவம்பர் 2 அன்று அட்லஸ் கப்பல் 36 கூலித் தொழிலாளர்களோடு போர்ட் லூயிக்கு வந்தது, மூன்று மாதத்தில், 1835 பிப்ரவரி 1இல், அடிமைமுறை முடிவுக்கு வந்தது. இரண்டு தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவைத்து, ஏன் என்று கேளுங்கள். அட்லஸில் வந்தவர்கள் கல்கத்தாவிலிருந்து வந்தவர்கள், தமிழர்கள் அல்லர். நம்மவர்களில் கைவினைஞர்கள் அதற்கு நூறு வருடம் முன்பே வந்திருந்தார்கள், மதராஸிலிருந்து கூலிகளாக வந்தவர்கள் அதற்குப் பிறகு. இந்தப் பிரிவினையைப் பிள்ளைகளுக்குத் தெளிவாகச் சொல்ல வேண்டும். வீட்டில் எல்லாம் கலந்துதான் பேசுகிறோம்.

பிள்ளைகளைக் கப்பலின் அடித்தளத்தில் அடைத்து உட்காரவைத்து, 'உங்கள் முன்னோர்கள் இப்படித்தான் வந்தார்கள்' என்று உணரவைக்கும் நாடகத்தைச் சிலர் நடத்துகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். சிரித்துக்கொண்டு வெளியே வருவார்கள் அல்லது பயந்து போவார்கள், இரண்டிலும் ஒன்றும் தெரிந்துகொள்ள மாட்டார்கள். அதற்குப் பதில் ஏறுவதற்கு முன் கூலித் தொழிலாளர்கள் வந்திறங்கிய 'ஆப்ரவாசி காட்' என்ற இடத்துக்குக் கூட்டிப்போங்கள், துறைமுகத்திலேயே இருக்கிறது. அந்த 16 படிகளில் ஏறி, 1834 முதல் 1920 வரை ஏறத்தாழ ஐந்து லட்சம் பேர் இந்த வழியில் வந்தார்கள் என்று சொன்னால் போதும். மோக்காவில் மகாத்மா காந்தி நிறுவனத்தின் ஆவணக் காப்பகத்தில் வந்தவர்களின் பதிவுகள் உள்ளன: எண், கப்பல் பெயர், ஊர், வயது, உயரம், உடலில் உள்ள தழும்பு. எந்தப் பிள்ளையின் வீட்டிலாவது அப்படி ஒரு பதிவின் நகல் இருந்தால், பெற்றோரின் அனுமதியோடு வாங்கிக்கொள்ளுங்கள். ஒரே ஒரு பதிவை அரை மணி நேரம் வாசிக்கலாம். தழும்பை ஏன் எழுதினார்கள்? யார் எழுதினார்கள்? பெயரை அவர் சொன்னபடியே எழுதினார்களா? நம் தீவில் தமிழ்க் குடும்பப் பெயர்கள் எழுதப்படும் விதத்துக்குக் காரணம் அங்கே கிடைக்கும்.

கப்பல் மணி அடிக்கும் முறை வரும்போது, வெலிங்டன் அருங்காட்சியகத்தில் இருக்கும் தமிழ் எழுத்துப் பொறித்த வெண்கல மணியைப் பற்றிச் சொல்லுங்கள். முகைதீன் பக்ஷ் என்ற பெயருள்ள கப்பலின் மணி. நியூசிலாந்தில் மாவோரிப் பெண்கள் அதில் உருளைக்கிழங்கு வேகவைத்துக்கொண்டிருந்ததை 19ஆம் நூற்றாண்டில் ஒரு பாதிரியார் பார்த்து வாங்கினார். அது அங்கே எப்படிப் போனது என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. விடை இல்லாத கேள்வி ஒன்றாவது பிள்ளைகளிடம் இருக்கட்டும்.

நடைமுறைக்கு வருகிறேன். முதல் நாள் எதையும் நடத்தாதீர்கள். கயிறு பிடிப்பது, எங்கே நிற்பது, உயிர்காப்பு அங்கி போடுவது, இவையே போதும். குமட்டல் வந்தால் மேல்தளத்தில் நின்று அடிவானத்தைப் பார்க்கவையுங்கள். ஆட்டத்தைக் காது உணர்கிறது, அறைக்குள் இருக்கும் கண் அசைவே இல்லை என்கிறது, இந்த முரண்தான் குமட்டல். அதனால் ஓடும்போது வாசிக்கவோ எழுதவோ வைக்கக் கூடாது, நாட்குறிப்பில் இரண்டு வரி தவிர. நீண்ட கதைகள், வரைபடம், விவாதம் எல்லாம் நங்கூரம் போட்ட பிறகு. 1747இல் ஜேம்ஸ் லிண்ட் பன்னிரண்டு மாலுமிகளை இரண்டிரண்டு பேராகப் பிரித்து ஆறு மருந்து கொடுத்துப் பார்த்து, ஆரஞ்சும் எலுமிச்சையும் சாப்பிட்டவர்களே ஸ்கர்வி நோயிலிருந்து சட்டென்று தேறியதைக் கண்ட கதையைச் சாப்பாட்டு நேரத்தில் சொல்லலாம், மேசையில் எலுமிச்சை இருக்கும்.

ஆண்டுகளையும் ஆளுநர் பெயர்களையும் மனப்பாடம் செய்யவைக்கக் கப்பல் ஏற்ற இடமல்ல. கிரேடு 6 தேர்வுக்கு அது வேண்டியதுதான், வகுப்பறையில் வைத்துக்கொள்ளுங்கள். மதிப்பெண் கொடுத்தே ஆக வேண்டுமென்றால் நாட்குறிப்புக்குக் கொடுங்கள். அழித்து எழுதியிருந்தால் குறைக்காதீர்கள், அளவை விட்ட இடத்தில் கற்பனையாக எண் நிரப்பியிருந்தால் குறையுங்கள்.

வாங்க வேண்டியவை குறைவு. காற்றழுத்தமானி ஒன்று, சின்னத் திசைகாட்டிகள் நான்கைந்து, கயிறு, ஈயக்கட்டி, வெள்ளைத் தட்டு, பென்சில். நுண்ணோக்கி ஒன்று போதும். இரண்டாவது நுண்ணோக்கிக்குக் காசு ஒதுக்கியிருந்தால் அதில் இன்னும் மூன்று ஈயக்கயிறு செய்யுங்கள். இருபது பிள்ளைகள் ஒரே கயிற்றுக்கு வரிசையில் நிற்க மாட்டார்கள்.